மஞ்சள் கறை

1.
பொறாமையில்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். முன்னாடியே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. டிராக்டரிலிருந்து விழுந்த என் கணவர் குருவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி, கம்பைநல்லூருக்கு அழைத்து வந்திருக்கிறேன். வந்ததிலிருந்து அவர் வாயில் ஒரே பெயர், ஸ்டெஃபி. வார்டு நர்ஸ்.

முதல் வாக்கியம்: ஸ்டெஃபி ஒரு சிடுமூஞ்சி, மாறுகண் வேறு, நடந்தால்...

(பொய். அடித்துவிட்டேன். லட்சணமான பெண்.)

2.
டிஸ்சார்ஜ் அன்று சொன்னாள்: "அக்கா, சோப்புப் போட்டுக் கை கழுவாம கட்டுகிட்ட போவாதீங்க. மஞ்சள், எண்ணெய் எதுவும் வேணாங்க. கட்டு நனைஞ்சாலோ, ஜுரம் அடிச்சாலோ உடனே எனக்கு போன் பண்ணுங்க. சீழ் உள்ள எறங்கிட்டா, வெச்ச மூட்டையே கழட்ட வேண்டி வரும்."

'எனக்கு'! கவனித்தீர்களா? டாக்டருக்கு இல்லையாம்.

அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதற்கு ஒரு தடவையாவது...

(முடித்தால் அழுதுவிடுவேன்.)

3.
இன்று காலை கட்டின் ஓரத்திலும் வேட்டியிலும் மஞ்சளாய்க் கறை.

"கலைமதி, என்ன அது?" என்றார்.

"மஞ்சதாங்க. நம்ம வூட்ல எதுலதான் மஞ்ச ஒட்டல?"

களத்தில் மஞ்சள் காய்கிறது. என் நகக்கண்கூட மஞ்சள்தான்.

"எதுக்கும் ஸ்டெஃபி சிஸ்டருக்கு ஒரு போன் போடு."

"எதுக்கெடுத்தாலும் ஸ்டெஃபி! பேசாம அவளையே கட்டியிருக்கலாமில்ல?"

கத்திவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

4.
இரண்டு முடிவுகள் வைத்திருக்கிறேன். ஒன்று, அது மஞ்சளேதான், நான் ஜெயிக்கிறேன். இன்னொன்று, ஸ்டெஃபி மாற்றலாகிக் கண்காணாத ஊருக்குப் போகிறாள்.

இதில் அவர் இடுப்பு எங்கே என்கிறீர்களா? அட, சும்மா இருங்கள்.

5.
சும்மா இருக்க முடியவில்லை. எழுந்துபோய் வேட்டியை நனைத்துச் சோப்புப் போட்டேன். மஞ்சள் கறை சோப்புப் பட்டால் சிவந்துவிடும். துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரியும். சிவந்துடு, சிவந்துடு என்று தேய்த்தேன்.

என் நகக்கண் சிவந்தது. கறை சிவக்கவில்லை.

ஓடிப்போய் அவர் நெற்றியைத் தொட்டேன். கொதித்தது.

6.
போன் என் காதில் இருக்கிறது.

"சொல்லுங்க கலைமதியக்கா. கட்டு நனைஞ்சிருக்குதா?"

என் பெயரைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறாள், பாவி.

"ஆமா சிஸ்டர்."

"உடனே கூட்டிட்டு வாங்க. எப்பலருந்துக்கா?"

காலையிலிருந்து நான் உட்கார்ந்து உன்னைத் திட்டி எழுதிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வேன்? நீங்களும் கூடவே இருந்து படித்தீர்களே, நீங்கள் சொல்லுங்கள் அவளுக்கு.