பட்டை வைத்த இடம்

அக்காவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஒன்பது மணிக்கு. அந்த மருத்துவமனையை அவள் தலையில் கட்டியவளே நான்தான். "அங்க வைக்கிற மூட்டெல்லாம் எங்க ஆலையில கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கினது. கண்ணை மூடிட்டுப் படு" என்று வாய் கிழியப் பேசியிருந்தேன்.

பெட்டிக்குள் கதிர் எங்கே மிகக் குறைவாகச் சேரும் என்று கணினியில் மாதிரி போட்டுச் சொல்வது என் வேலை. முன்பெல்லாம் சான்று கொடுக்க ஒரு பெட்டியில் அறுபது இடத்தில், பட்ட கதிரின் அளவைக் காட்டும் அளவுப்பட்டை வைத்துப் பார்ப்பார்கள். நான் வந்ததும், நடுவில்தான் கதிர் மிகக் குறைவு, அங்கே மூன்று வைத்தால் போதும் என்றேன். கிருமி சாகக் குறைந்தது இருபத்தைந்து கிலோகிரே கதிர் வேண்டும், இருபத்தாறு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அன்று காலை இருப்புக் கொள்ளாமல், பெட்டி அடுக்கும் கூடத்துக்குப் போனேன். அடுக்குகிற அம்மாள் உலோக மூட்டுகளை எல்லாம் ஒரே பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம்னுதானே வைக்கணும்?"

"அப்படி வச்சா மூடி மூடவே மாட்டேங்குது. மூணு மாசமா இப்படித்தான். உங்களுக்குச் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. மகாராணி நானும் இறங்கி வந்து கேட்கவில்லை. ஓடிப்போய் மாதிரியில் உலோகத்தை ஒரு பக்கமாக நகர்த்திக் கணக்கிட்டேன். நடுவில் அதே இருபத்தாறு. உலோகத்தின் மறைவில், மூலையில் பதினேழு.

தர அதிகாரியிடம் போய் நின்றேன். எதற்கெடுத்தாலும் முத்திரை குத்துவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே முத்திரை.

"பட்டை இருபத்தாறு காட்டுதேம்மா."

"நான் சொன்ன எடத்துல வச்சா, நான் சொன்னதைத்தான் சார் காட்டும்! மூலையில ஒரு பட்டை கூட இல்லையே! போன சரக்கையெல்லாம் நிறுத்தச் சொல்லுங்க."

"மூலையில வேணாம்னு கையெழுத்துப் போட்டது யாரு?" கோப்பை என் பக்கம் திருப்பினார். "திங்கக்கிழமை பேசிக்கலாம்."

அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. அதைவிட என் கழுத்தை. வராந்தாவுக்கு வந்து அத்தானைக் கூப்பிட்டேன். மணி பதினொன்றரை.

"நல்லபடியா முடிஞ்சுதும்மா! இப்பதான் வெளிய கொண்டு வந்தாங்க. உள்ள போறதுக்கு முன்னாடி உன் அக்கா ஒரே அடம், பெட்டியில இருக்கிற செவப்புப் பொட்டைப் பாக்கணும்னு. காட்டினாங்க. 'இது என் தங்கச்சி வச்சது'ன்னு நர்ஸுகிட்ட ஒரே பீத்தல்."

அந்தப் பொட்டு கொஞ்சம் கதிர் பட்டாலே சிவந்துவிடும். எவ்வளவு பட்டது என்று அதற்குத் தெரியாது. அக்காவின் முழங்காலுக்குள் இருப்பது நடுவில் இருந்த மூட்டா, மூலையில் இருந்த மூட்டா என்று எனக்கும் தெரியாது.

"அத்தான், போனை டாக்டர்கிட்ட குடுங்க."

"எதுக்கு, நன்றி சொல்லவா?" சிரித்தார். "அதெல்லாம் நானே சொல்லிட்டேன்."