திருச்சிக்குப் போகாத சரக்கு

"நீங்க திருச்சியில சரக்கு எடுக்குறீங்கதானே?" என்று கம்ப்யூட்டர் திரையிலிருந்து மொத்தக் கம்பெனிகளின் சென்னை வக்கீல் அன்புச்செல்வியிடம் கேட்டார்.

இலுப்பூர்க் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவள். அங்குள்ள சின்னக் கடைகளுக்குச் சரக்கு போடுவது இரண்டே மொத்தக் கம்பெனிகள். ஒன்று நீல வண்டி, ஒன்று மஞ்சள் வண்டி. இரண்டும் ஒன்றாகச் சேரப்போகின்றன என்றதும் கடைக்காரர்கள் கலங்கிப்போனார்கள். ஒரே வண்டி என்றானால் அவன் வைத்ததுதான் விலை. இவள் கடை எத்தனை நாள் தாங்கும்? எல்லோரும் கூடி கம்பெனிகள் சேரலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்லும் டெல்லி போட்டி ஆணையத்துக்கு எழுதிப்போட்டார்கள். விசாரணைக்குப் புதுக்கோட்டையில் கடைக்காரர்களுடைய வக்கீல் சேரனின் ஆபீஸிலிருந்தே வீடியோவில் பேசலாம் என்றார்கள். வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

வழக்கு முழுக்க ஒரே கேள்வியில் நின்றது. இலுப்பூர்க் கடைகளுக்குச் சந்தை எது? அந்த வட்டாரம் மட்டுமே என்றால் இணைப்பு தேறாது. திருச்சியும் சேர்த்தி என்றால், அங்கேதான் தெருவுக்குத் தெரு மொத்த வியாபாரி இருக்கிறானே, போட்டி எங்கே குறையப்போகிறது? சற்றுமுன் நீல வண்டி சேல்ஸ்மேன் ஜெபக்குமார் அதே திரையில் வந்து, "ரேட்டைக் கொறைக்கலைன்னா திருச்சியில எடுத்துக்குவேன்னு அன்புச்செல்வியக்கா எப்பவும் சொல்வாங்க சார்" என்று சொல்லியிருந்தான்.

அடக் கடவுளே, அது பேரம் அல்லவா! அப்படி மிரட்டாமல் இலுப்பூரில் எவர் சரக்கு இறக்கினார்? உண்மையைச் சொன்னால் இனி அவனிடம் அந்தப் பேரம் செல்லாது. சொல்லாவிட்டால் கடையே நிற்காது.

"இல்லைங்கய்யா, அது சும்மா சொன்னதுங்க" என்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. "கடையை அடைச்சிட்டுப் போயி, வண்டி வச்சு நாலு மூட்டையை ஏத்தியாந்தா என்னங்க மிஞ்சும்? நான் ஒரு தடவகூடப் போனதில்லைங்க."

திரையின் மூலையில் ஜெபக்குமார் வாயைப் பிளந்தான்.

"அப்புறம் ஏன் விலையைக் குறைத்தார்கள்?" ஆணைய உறுப்பினர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"மஞ்ச வண்டி பின்னாடியே வருதுல்லங்க."

அடுத்த மாதம் சேரன் போன் செய்தார். "நம்ம வட்டாரந்தான் சந்தைன்னு சொல்லிட்டாங்கக்கா. ரெண்டும் சேரக் கூடாதாம்." அன்புச்செல்வி அரிசி மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உளுந்து வாங்க நின்ற ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள், விசாரணைக்குப் பிறகு முதல் தடவையாக, ஜெபக்குமார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். "இத்தன நாளா என்னைய நல்லா ஏமாத்திருக்கீங்க. இனிமே திருச்சின்னா நான் மசிய மாட்டேங்க்கா."

"மசியாட்டிப் போ தம்பி. அதுக்கென்ன."

தெருமுனையில் மஞ்சள் வண்டி வந்து நின்றது. நீல வண்டி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. ஜெபக்குமார் திரும்பிப் பார்த்தான். துவரம்பருப்பு மூட்டை தோளிலேயே இருக்க, "சரி, வெலையை நீங்களே சொல்லுங்க" என்றான்.

மஞ்சள் வண்டிக்காரன் விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். காது கிழிந்தது. அடிக்கட்டும், விலை இன்னும் இறங்கட்டும் என்று நின்றாள் அன்புச்செல்வி.