தேராகுவின் வயது

வாசற்கதவு படபடவென்று இடிபட்டது. டாம்சின் மாவுக் கையோடு ஓடிப்போய்த் திறந்தாள். கேம்பிரிட்ஜிலிருந்து குதிரையில் வந்த டாக்டர் ஸ்வேல், அச்சுத்தாள்களை ஆட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

“ஓய் கிரேன்! எல்லாரும் தேராகுகிட்டதான் தடுக்கி விழுவாங்க. நீர் ஒருத்தர்தான்யா தாண்டிட்டீர்!”

அவள் கணவர், பாதிரியார் கிரேனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது.

வேதாகமத்தில் உள்ளபடி ஆதாமிலிருந்து தகப்பன்மார் வயதைக் கூட்டி, உலகம் படைக்கப்பட்ட ஆண்டைச் சொல்லும் புத்தகம் அது. ஆறு வருட வேலை. கிரேனுக்குக் கண் மங்கல், கூட்டியதெல்லாம் டாம்சின். தேராகு எழுபது வயதில் ஆபிராமைப் பெற்றான் என்றுதான் படித்தவுடன் தோன்றும். ஆனால் தேராகு செத்தது இருநூற்றைந்தாம் வயதில். அதன்பிறகு ஊரைவிட்டுக் கிளம்பிய ஆபிராமுக்கு வயது எழுபத்தைந்துதான். அப்படியானால் மகன் பிறந்தபோது தகப்பனுக்கு நூற்று முப்பது. உலகத்துக்கே அறுபது வயது கூடிவிடுகிறது.

இதை அவள் எழுதிக் காட்டிய அன்று, கிரேன் அந்தத் தாளைப் படிக்காமலே கணப்பில் போட்டார்.

“ரொட்டி கருகுதான்னு போய்ப் பாரு. வேதத்துக்கு நீ கணக்குப் பாக்க வேணாம்.”

அச்சுக்குப் போகும் பிரதியை எழுதியதும் அவள்தான். எழுபது என்று எழுதக் கை வரவில்லை; அவருக்குச் சொல்லாமல் நூற்று முப்பது என்றே எழுதிவிட்டாள். அன்றிலிருந்து, வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே, குட்டு உடைந்ததோ என்று சன்னலுக்கு ஓடுவாள். முன்னுரையையும் அவளே எழுதினாள், அவர் சொல்லச் சொல்ல. குதிரைக்குப் புல் போடுகிறவனுக்குக்கூட அதில் நன்றி உண்டு. அவள் பெயர் இல்லை.

“நூத்திமுப்பதுன்னு எப்படிய்யா பிடிச்சீர்?” என்றார் ஸ்வேல்.

கிரேன் சட்டென்று மனைவியைப் பார்த்தார். முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஜெபத்துல இருந்தேன். கர்த்தர் வெளிப்படுத்தினார்.”

டாம்சினுக்குக் காது இரண்டும் சுட்டன. விரலிடுக்கில் இருந்த மாவைக் கட்டியாகப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“என்ன மரம் மாதிரி நிக்கிற? பீர் கொண்டா.”

கொண்டுவந்தாள். அதற்குள் ஸ்வேல் மேசையில் வெள்ளைத்தாளை விரித்து, இறகுப் பேனாவை மையில் தோய்த்திருந்தார்.

“அட்டவணைல வெறும் எண்தானே இருக்கு? காலேஜ்ல ஒருத்தனும் நம்ப மாட்டான். கணக்க இதுல போட்டுக் கொடும்.”

கிரேன் பேனாவை வாங்கினார். மை தாளில் சொட்டி வட்டமாகப் பரவியது. இன்னொரு சொட்டு. அவர் அவள் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் கேட்டார்.

“டாம்சின்... அந்த நூத்திமுப்பது எங்கேர்ந்து வந்துச்சு?”

அவள் பீர்க் குவளையை டக்கென்று மேசையில் வைத்தாள். விருந்தாளிக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுங்க. அன்னிக்கு வெளிப்படுத்தினவரு இன்னிக்கும் வெளிப்படுத்துவாரு.”