அவன் தெளியட்டும்

குடியை விட நினைப்பவர்களுக்காகச் சலவைக்கூடத்து அக்கா வேதபாடக் குழு ஒன்று தொடங்க வேண்டும் என்றபோது போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. "கர்த்தர் உங்க துக்கத்தையே ஊழியமா மாத்திட்டாரும்மா" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இந்த விஷயத்தில் அவள் கர்த்தரிடம் யோசனை கேட்கவே இல்லை.

அவள் தம்பி, சலவைக்கு வரும் ஆஸ்பத்திரி விரிப்புகளை வேனில் ஏற்றி இறக்குகிறவன். ஒரு மாலை அவனும் வேன் டிரைவரும் மூக்கு முட்டக் குடித்துவிட்டுத் திரும்பும்போது வண்டி பாலத்துச் சுவரில் மோதியது. தம்பி அங்கேயே போய்விட்டான். நெற்றியில் தையலோடு பிழைத்த டிரைவர், "அவன்தான் ஓட்டினான், நான் தூங்கிட்டிருந்தேன்" என்று போலீசில் சொல்லிவிட்டான். தம்பிக்கு சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாது. அக்கா தொண்டை கிழியச் சொல்லியும் யாரும் காது கொடுக்கவில்லை. "நல்லவேளை, வேற யாரையும் கொல்லாம போனான்" என்று தம்பி மனைவியின் முகத்துக்கு நேராகவே ஊரார் பேசினார்கள்.

அக்கா டிரைவரைத் தேடிப் போய் அறைந்தாள். அவன் சிரித்தான். இன்னொரு நாள் காறித் துப்பினாள். துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஞாபகமில்லக்கா" என்று சுவரோரம் சரிந்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவனை அடிப்பதும் அந்தச் சுவரை அடிப்பதும் ஒன்றுதான். முதலில் இவன் தெளிய வேண்டும்.

ஆலயத்தின் பின்னறையில், உடைந்த பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுக் குழு கூடியது. முதலில் வந்தவர்கள் ஒரு கொத்தனாரும், பாட்டிலை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்த ஒரு டீச்சரும்தான். டிரைவரை அக்காவே இழுத்துவந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தாள், கைநடுக்கம் அடங்கும்வரை கஞ்சி ஊட்டினாள். அவன் அழுதுகொண்டே, "நீங்க எனக்கு இன்னொரு தாய்க்கா" என்றான். அந்தக் கரண்டியாலேயே அவன் வாயைக் கிழிக்கலாமா என்று இருந்தது அவளுக்கு.

மாதங்கள் போயின. கொத்தனார் வேலைக்குத் திரும்பினார். டீச்சர் ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தார். டிரைவருக்குக் கன்னத்தில் சதை பிடித்தது, கண்ணில் சிவப்பு போய் வெள்ளையானது. அக்கா அந்தக் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பாடத்தை அவளே தேர்ந்தெடுத்தாள். வயல்வெளியில் அண்ணன் தம்பியைக் கொன்றுவிட்டு, அவன் எங்கே என்று கடவுள் கேட்டபோது தெரியாது என்று சாதித்த பகுதி.

"நீ வாசி" என்றாள் டிரைவரிடம்.

கேள்வி வரைக்கும் வாசித்தான். அதற்கு மேல் வாசிக்காமல் நிறுத்திவிட்டான். கொத்தனார் தண்ணீரை நீட்டினார்.

"தண்ணி வேணாம். வாசிக்கட்டும்" என்றாள் அக்கா.

புத்தகம் அவன் மடியிலிருந்து நழுவியது. "நான்தான்கா ஓட்டினேன். அவன் வேணாம் வேணாம்னு ஸ்டியரிங்கைப் பிடிச்சான். நான் அவன் கையத் தட்டிவிட்டேன்."

அக்கா இத்தனை நாள் காத்திருந்த நிமிடம். நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை, தம்பி கடைசியில் பயந்திருக்கிறான் என்பது மட்டும் உள்ளே இறங்கி எரிந்தது.

"எழுந்திரு" என்றாள். "இதையே அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. அப்புறம் ஸ்டேஷன்ல சொல்லு."

சொன்னான். இரண்டு இடத்திலும் அக்கா பக்கத்திலேயே நின்றாள். தம்பி மனைவி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியபோது தடுக்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில், போலீஸ் ஜீப்பில் ஏறும்முன் அவன் கேட்டான். "என்னை மன்னிப்பீங்களாக்கா?"

"மாட்டேன்."

"அப்போ எதுக்குக்கா என்னைக் காப்பாத்தினீங்க?"

"குடிச்சா நீ மறந்துடுவ. மறக்கக்கூடாது. சாகிற வரைக்கும் தெளிவா இருக்கணும்."

அவனுக்குத் தண்டனை கிடைத்தது. போதகர் தயங்கித் தயங்கி, இனிமேல் குழுவை வேறு யாராவது நடத்தட்டுமே என்றார்.

"கொத்தனாரையும் டீச்சரையும் யாருய்யா பாத்துக்குவா?" என்று கேட்டுவிட்டு, பின்னறையைக் கூட்டப் போனாள். மாதம் ஒருமுறை சிறைக்கும் போனாள், அடுத்த பாடத்தைக் கொடுத்து, அவன் கண் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர.