பதினோரு நிமிடம் ஓடிய கைடிராக்டர்

மூர்த்திக்கு நெமிலியில், வீட்டின் முன்னறையிலேயே ஜெராக்ஸ் கடை. பிரிசில்லா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுபவள். இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. பழைய தோட்ட டிராக்டர்களையும் சின்ன உழவு இயந்திரங்களையும் தேடி வாங்கிப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ளும் ஆசை பிடித்த முப்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். அந்தக் குழுவில்தான் பழக்கம். மூர்த்தியின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நான்கு இயந்திரங்கள் நின்றன. பிரிசில்லாவிடம் இருந்தது ஒன்றுதான், அவளுடைய முதல் இயந்திரம்.

அது இங்கிலாந்தில் செய்த பழைய கைடிராக்டர். இரண்டே சக்கரம். பின்னால் நீளமாக இரண்டு கைப்பிடிகள், இரண்டையும் இணைக்கும் ஒரு குறுக்குக் கம்பி. ஓட்டுகிறவர் உட்கார முடியாது, பின்னாலேயே நடக்கவேண்டும். நாட்றம்பள்ளிப் பக்கம் மூடிப்போன ஒரு பண்ணைப் பள்ளியின் மாட்டுக்கொட்டகையில் சாணிக்குள் புதைந்து கிடந்ததை அவள் பழைய இரும்பு விலைக்கு எடுத்து வந்திருந்தாள். எட்டு மாதம் அதே வேலையாகக் கிடந்தாள். இன்ஜின் மூட்டுகளுக்கு நடுவே வைக்கும் கேஸ்கட் எல்லாம் கடையில் கிடைக்காது என்று அவளே வெட்டினாள். தோல் வெட்டிப் பழகிய கை. குழுவில் அவள் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, கம்பெனியில் செய்தது போல இருக்கிறதே என்று எல்லோரும் வியந்தார்கள்.

கடைசியில் இன்ஜினைப் பற்றவைக்கும் ஸ்பார்க் ஒன்றுதான் பாக்கி. சனிக்கிழமை அவள் மூர்த்திக்கு போன் செய்தாள்.

"அண்ணா, கயிறு இழுத்து இழுத்துத் தோளே போயிடுச்சு. ஸ்பார்க் மஞ்சளா சோம்பேறி மாதிரி வருது."

"இன்ஜின நிறுத்தற ஸ்விட்ச் வயரக் கழட்டிட்டுப் பாருங்க. ஸ்விட்ச்லதான் கரண்ட் லீக் ஆவுது போல."

கழற்றியதும் நீல நிறத்தில் பளிச்சென்று வந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ இன்ஜின நிறுத்தறது எப்படிண்ணா?"

"பெட்ரோல் டேப்ப மூடினா நின்னுடும். சும்மா டெஸ்ட்டுக்குத்தானே. அப்புறமா புது ஸ்விட்ச் போட்டுக்கலாம்."

மறுநாள் ஞாயிறு, மாலை நாலு மணிக்கு வீடியோ கால் வந்தது. பிரிசில்லாவின் கணவர் ஆரோன் மகளைக் கூட்டிக்கொண்டு வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வீட்டில் அவள் மட்டும்தான். போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்திருந்தாள். மதில் சுவரை ஒட்டிய சிமெண்ட் தரை, அதன் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்த கைடிராக்டர், துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்த பிரிசில்லா, எல்லாம் தெரிந்தது.

"ரெடியா அண்ணா? வீட்டுல அண்ணியையும் கூப்புடுங்க!"

மூர்த்தியின் மனைவி ஜோதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

பிரிசில்லா இன்ஜினின் பக்கவாட்டிலிருந்த புல்லிச் சக்கரத்தில் கயிறு சுற்றி இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை மண்டி, பிறகு தெளிந்தது. அவள் இரண்டு கையையும் மேலே தூக்கிக் குதித்தாள். மூர்த்தியும் கடை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

அவள் சுற்றிக்கொண்டு கைப்பிடிப் பக்கம் வந்து கிளட்ச் லீவரைப் பிடித்தாள். அவள் முதுகுக்கும் மதில் சுவருக்கும் நடுவே இரண்டடி இருக்கும். அதை மூர்த்தி பார்த்தான், ஆனால் ஒன்றும் தோன்றவில்லை. கியர் நியூட்ரலில் இருக்கிறது என்று அவள் நினைத்தாள். அவனும் அப்படித்தான் நினைத்தான். அவள் கிளட்ச் பிடித்ததும் தேய்ந்துபோன கியர் லீவர் அதிர்வில் தானாக நழுவிப் பின்கியரில் விழுந்திருந்தது இருவருக்கும் தெரியாது. பிடித்திருந்த கிளட்சை அவள் விட்டாள்.

வண்டி பின்னால் பாய்ந்தது. குறுக்குக் கம்பி அவள் வயிற்றில் இடித்து அவளைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது.

"பிரிசில்லா!"

அவள் கிளட்சை மறுபடி பிடித்தாள். படக்கென்று ஒரு சத்தம். பழைய கேபிள் அறுந்து, லீவர் கையோடு தொளதொளவென்று ஆடியது. டயர்கள் சிமெண்ட் தரையில் வழுக்கிச் சுற்றி வண்டியை மேலும் பின்னால் தள்ளின. வலது கை கம்பிக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிவிட்டது. அவள் வாய் திறந்தது. இன்ஜின் சத்தத்தில் அவள் கத்தியது மூர்த்தியின் காதுக்கு வரவில்லை.

அவன் நூறு கிலோமீட்டர் தள்ளி, கையில் ஒரு போனை வைத்துக்கொண்டு நிற்கிறான். இன்ஜினை நிறுத்த அந்த ஸ்விட்ச் போதும். கைப்பிடியிலேயே, அவள் இடது கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்குப் போகும் வயரைத்தான் நேற்று கழற்றச் சொன்னான்.

"ஜோதி! ஜோதி, உன் போன எடுத்துனு வா! சீக்கிரம்!"

ஜோதி ஓடி வந்து திரையைப் பார்த்தாள். "ஐயோ, இன்னாங்க இது" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆம்பூரில் அவன் அறிந்த ஒரே ஆள் ஒவைஸ். அதே குழுவில் இருக்கிறார், பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். இந்த வண்டிக்கு டயர் கொடுத்தவரே அவர்தான், வீட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டார். ஆனால் அவர் நம்பர் மூர்த்தியின் போனில்தான் இருந்தது. வீடியோ காலைத் துண்டிக்காமல் திரையைச் சுருக்கிவிட்டுத் தேடவேண்டும். அவன் விரல் இரண்டு தடவை தப்பாக அழுத்தியது. அவள் முகம் மறைந்து போயிற்று. இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறு ஏதாவது கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். ஜோதி அழுத்தினாள்.

"பிஸியா இருக்குது."

"திரும்பப் போடு. போட்டுனே இரு."

திரையைப் பெரிதாக்கினான். வயிற்றில் இருந்த கம்பி இப்போது நெஞ்சுக்கு வந்திருந்தது. பின்னால் போக முடியாத வண்டி மூக்கைக் கீழே குத்திக்கொண்டு கைப்பிடிகளை மேலே தூக்குகிறது என்று அவனுக்குப் புரிந்தது. நெஞ்சுக்கு மேலே இருப்பது கழுத்து.

"பிரிசில்லா! நான் பேசறது கேக்குதா? தலைய ஆட்டு!"

தலை லேசாக அசைந்தது.

"இடது கைல ரேஸ் லீவர் இருக்குது பாரு. முழுசா கொற!"

அவள் விரல் தடவித் தேடிக் குறைத்தது. சத்தம் தணிந்தது. டயர் வழுக்குவது நின்றது. இப்போது இன்ஜின் திணறி நின்றுவிடும் என்று மூர்த்தி காத்திருந்தான். நிற்கவில்லை. எட்டு மாதம் அவள் கழுவித் துடைத்துச் சரிசெய்த கார்புரேட்டர். டக் டக் டக் என்று சீராக ஓடியது. தள்ளும் வேகம் குறைந்ததே தவிர, தள்ளல் நிற்கவில்லை. கம்பி மெதுவாக மேலே ஏறியது.

"அண்ணா," என்றாள். இப்போது அவள் குரல் கேட்டது. மெல்லிய, காற்றுப் போன குரல். "மூச்சு... விட முடில."

"பேசாத. பேசாதம்மா. ஒவைஸ் பாய் வர்றாரு." பொய் சொன்னான். ஜோதி இன்னும் மூன்றாவது தடவை போட்டுக்கொண்டிருந்தாள்.

பெட்ரோல் டேப் டேங்குக்கு அடியில் இருந்தது. ஸ்பார்க் தரும் பிளக் இன்ஜின் தலையில் இருந்தது. இரண்டுக்கும் அவள் கை எட்டாது. டேங்கில் எவ்வளவு ஊற்றினாள் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அரை லிட்டர் ஊற்றியிருந்தாலும் அரை மணி நேரம் ஓடும்.

அப்போது அவன் கண்ணில் துப்பட்டா பட்டது. அதைச் சொல்லவே அவனுக்குப் பயமாக இருந்தது. பிளக் வயரில் துணியைப் போட்டு வெடுக்கென்று இழுத்தால் வயர் கழன்று இன்ஜின் நின்றுவிடும். ஆனால் பிளக்குக்கு ஒரு சாண் வலது பக்கம், மூடியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது கயிறு சுற்றும் புல்லி. துணி அதில் பட்டால் அவள் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

"எடுத்துட்டாரு! பேசறாரு!" என்றாள் ஜோதி. போனில் ஒவைஸிடம் விஷயத்தைச் சொல்ல அவளுக்கு வார்த்தை வரவில்லை. மூர்த்தி அந்தப் போனைப் பார்த்துக் கத்தினான். "பாய், பிரிசில்லா வீட்டுக்கு ஓடுங்க! வண்டி சுவத்தோட அழுத்திடுச்சு! ஆள் யாராவது இருந்தா கூட்டினு போங்க!"

"யா அல்லா! இதோ, பத்து நிமிஷம்."

கம்பி கழுத்து எலும்பைத் தொட்டிருந்தது. பத்து நிமிடம் தாங்காது.

"பிரிசில்லா, கேளு. இடுப்புல துப்பட்டா முடிச்ச அவுத்துடு. இடது கையால. ஆ, அப்படித்தான். இழு. ஒரு முனைய மட்டும் விரல் நுனில புடி. கைல சுத்திக்காத. சுத்தவே சுத்தாத. இப்போ இன்ஜின் மேல வீசு. இடது பக்கமா. உனக்கு இடது. வலது பக்கம் புல்லி இருக்குது, அந்தப் பக்கம் போவக் கூடாது."

முதல் வீச்சு டேங்க் மேல் விழுந்து வழுக்கியது. அவள் அதை மெல்ல இழுத்துக்கொண்டாள். அவள் உதடு நீலம் பாய்ந்திருப்பது அந்தச் சின்னத் திரையிலேயே தெரிந்தது.

"இன்னொரு தடவ. இன்னும் கொஞ்சம் ஒசரமா. நல்லாத்தான் போடற, போடும்மா."

இரண்டாவது வீச்சு உயரமாகப் போனது. ஆனால் வலது பக்கம். மூர்த்தி "விடு!" என்று அலறினான். துணி புல்லியில் பட்ட நொடியில் விறைத்து நீண்டது. அவள் கை முன்னால் இழுபட்டது. "விட்டுடு, விட்டுடு!"

அவள் விட்டுவிட்டாள். துப்பட்டா முழுவதும் சாட்டை போலச் சுழன்று புல்லிக்குள் போனது. புல்லிக்கும் அதன் பின்னால் இருந்த விசிறித் தகட்டுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு சுற்றியது. இன்ஜின் ஒருமுறை இருமியது. இன்னொருமுறை இருமியது. ஓட ஆரம்பித்துப் பதினோராவது நிமிடத்தில் நின்றது.

அந்த அமைதிதான் மூர்த்திக்கு அதுவரை கேட்டதிலேயே பயங்கரமாக இருந்தது. தூரத்தில் ஹைவேயில் லாரி ஹாரன் கேட்டது. கம்பி அசையவில்லை. பிரிசில்லாவின் தலை முன்னால் தொங்கிவிட்டது.

"பிரிசில்லா? நின்னுடுச்சும்மா. பாரு, நின்னுடுச்சு. ஒரு வார்த்த பேசு."

பேசவில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தான். கம்பி மறைத்தது. ஜோதி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அவனும் சொல்ல ஆசைப்பட்டான். அவன் வாயில் வந்தது "நான்தான், நான்தான்" என்பது மட்டும்.

கேட் தடதடவென்று ஆடியது. உள்பக்கம் தாழ்ப்பாள். யாரோ ஏறிக் குதித்தார்கள். வெள்ளை ஜிப்பா ஒன்று திரையில் குறுக்கே ஓடியது. கூட இன்னொரு ஆள். ஒவைஸ் வண்டியை முன்னால் இழுக்கப் பார்த்தார். கியரில் இருந்த வண்டி நகரவில்லை.

"கியர் பாய்! கியர நியூட்ரல் பண்ணுங்க!" என்று மூர்த்தி கத்தினான். அவர் லீவரை உதைத்தார். யார் தோளோ ஜன்னலில் இடித்தது. திரை சுழன்று வானம் தெரிந்தது, தரை தெரிந்தது. இணைப்பு அறுந்துபோயிற்று.

திரும்பப் போட்டான். யாரும் எடுக்கவில்லை. ஒவைஸுக்குப் போட்டான். எடுக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் அவன் கடை வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். ஒரு பெண் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்றாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

ஆறு மணிக்கு ஒவைஸ் கூப்பிட்டார்.

"உசுரு இருக்குது மூர்த்தி. ஆஸ்பத்திரில சேத்துட்டோம். விலா எலும்பு ரெண்டு உடஞ்சிருக்குது, வலது மணிக்கட்டும் போச்சு. மயக்கம் தெளிஞ்சிடுச்சு. நீ பேஜார் ஆவாத."

மூர்த்தி அழுதான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினான். ஆஸ்பத்திரி வார்டில் அவளை முதன்முதலாக நேரில் பார்த்தான். போனில் தெரிந்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். கழுத்துக்குக் கீழே கருநீலக் கோடு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆரோன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னாலேயே சொல்லிவிடவேண்டும் என்று வழியெல்லாம் முடிவு செய்திருந்தான்.

"ஸ்விட்ச் வயரக் கழட்டச் சொன்னது நான்தாங்க. அது இருந்திருந்தா ஒரு நொடில நின்னிருக்கும்."

ஆரோன் எழுந்து வெளியே போனார். அவர் திரும்பி வருவதற்குள் போய்விடலாமா என்று மூர்த்தி நினைத்தான்.

"நீங்க சொன்னீங்க. நான்தானே கழட்டினேன்," என்றாள் பிரிசில்லா மெதுவாக. பேசும்போது வலிக்கிறது என்று முகத்தில் தெரிந்தது. "செவத்துக்கு முன்னாடி நின்னதும் நான்தான். அண்ணா, ராத்திரி பூரா அந்த டக் டக் சத்தம் காதுல கேட்டுனே இருந்துச்சு. உங்களுக்கும் கேக்குதா?"

"கேக்குது."

ஆரோன் மூன்று கப் டீயோடு வந்தார். ஒன்றை மூர்த்தியிடம் நீட்டினார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் கப்பை அவன் வாங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

நெமிலிக்குத் திரும்பிய மூர்த்தி நான்கு வண்டிகளுக்கும் புது ஸ்விட்ச் போட்டான். புது கிளட்ச் கேபிள் போட்டான். புல்லிகளுக்குத் தகடு வெட்டி மூடி செய்தான். ஒன்றையும் ஸ்டார்ட் செய்யவில்லை. கயிற்றைக் கையில் எடுப்பான், கீழே வைத்துவிடுவான்.

பத்து வாரம் கழித்து பிரிசில்லா கூப்பிட்டாள். வண்டியைச் சுவருக்குப் பக்கத்தில் இல்லாமல், பேரணாம்பட்டு ரோட்டில் ஒவைஸின் அண்ணனுடைய காலி மனைக்குக் கொண்டு போயிருந்தார்கள். கியர் லீவரை மாற்றியாகிவிட்டது. ஸ்விட்ச் புதியது. மூர்த்தி போய் அந்த ஸ்விட்சை இருபது தடவையாவது போட்டு அணைத்துப் பார்த்தான்.

"நீங்க இழுங்க பாய்," என்றாள் பிரிசில்லா ஒவைஸிடம். தான் கம்பி வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். மூர்த்தியும் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

இன்ஜின் பிடித்தது. அவள் வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். இருபதுவரை எண்ணுவதற்குள் "போதும், அமத்துங்க!" என்று கத்தினாள். ஒவைஸ் ஸ்விட்சை அமுக்கினார். உடனே நின்றது.

"நல்லாத்தானே ஓடுச்சு?" என்றார் ஒவைஸ்.

"ஓடுச்சு. இன்னிக்கி அவ்ளோதான் பாய், எனக்கு."

இன்ஜின் சூடு ஆறும்வரை அவளும் மூர்த்தியும் வேலிக்குள் போகவில்லை.