காற்றுக்கு முகம்

கப்பல்காரன் ரோச் விடுப்பில் வரும்போது இரண்டு பொம்மை விமானங்கள் கொண்டுவந்தான். ஒன்று எண்ணெய் எஞ்சினில் ஓடுவது, மற்றது பேட்டரியில். பேட்டரி விமானம் பறந்தால்தான் அது தங்கை ஹில்டாவுக்கு என்று சொல்லிவிட்டான்.

உப்பளத்து வெளியில், தோணிக்குப் பாய் விரிப்பவன்போலக் காற்றை முதுகில் வாங்கி எஞ்சின் விமானத்தை வீசினான். அது இரைந்துகொண்டே போய் மண்ணில் குத்தியது. இறக்கை முறிந்தது.

"எஞ்சினே விழுந்துட்டு. ஏளா, ஒன் பேட்டரி எங்கன பறக்கும்?"

"கடல்காக்காவப் பாரும்ண்ணே. காத்துக்கு மொகம் காட்டித்தான் எழும்புது."

"இது காக்காவா, ஏளா?"

"தோணியும் இல்லையே!"

ஹில்டா காற்றைப் பார்த்துத் திரும்பி விமானத்தை மெல்ல விட்டாள். சத்தமே இல்லாமல் அது மேலேறி வட்டமிட்டது.

"சரி, ஒனக்குத்தான்," என்றான் ரோச். "ஏளா, எறங்குனதும் எனக்கு ஒருக்கா தா."