கூட்டிக்கொண்டு போன நாள்

நன்றி சொல்லப் போகிறவளுக்குக் கால் ஏன் இப்படிப் பின்ன வேண்டும்? தையல்காரிக்கே விளங்கவில்லை. இந்த நீதிமன்றப் படிகள் அவளுக்குப் புதிதல்ல. நான்கு முறை ஒரே ஆளை வாய்விட்டுச் சபித்துக்கொண்டே இதில் இறங்கியிருக்கிறாள். இன்று அதே ஆளுக்கு நன்றி சொல்ல ஏறிக்கொண்டிருந்தாள். தோளில் ஒரு பை, அதற்குள் அவள் தைத்த சட்டை. பக்கத்தில் அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக், கைப்பிடியைத் தடவித் தடவி ஏறினார். விடுதலையாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஒன்பது நாளில் அவர் பேசியதை ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கிவிடலாம். கேட்டால் ‘ம்’, கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

அவரைப் பிடித்துக்கொண்டு போன கதையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. குண்டு வைக்கத் திட்டம் போட்டதாக நான்கு பேரைப் பிடித்தார்கள். அதில் ஒருவன் போனில் மெக்கானிக்கின் நம்பர் இருந்தது. இருக்காதா பின்னே? அவன் குடியிருந்த அடுக்குமாடியின் லிஃப்ட்டுக்குள் ‘பழுதானால் அழைக்கவும்’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்ததே அந்த நம்பர்தான். அவன் ஒருநாள் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு மூன்று முறை அழைத்திருக்கிறான், இவர் போய் இறக்கிவிட்டிருக்கிறார். அவ்வளவுதான் தொடர்பு. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கிரீஸ் கையைக்கூடத் துடைக்க விடாமல் வேனில் ஏற்றினார்கள்.

குற்றப்பத்திரிகை கிடையாது, விசாரணை கிடையாது. சந்தேகம் இருந்தால் போதும், நூற்றெண்பது நாள் உள்ளே வைக்கலாம் என்று ஒரு சட்டம். அந்தக் கெடு முடிவதற்குள் ஓர் அதிகாரி நீட்டிப்பு ஆணையில் கையெழுத்துப் போட்டால் இன்னொரு நூற்றெண்பது. இப்படியே ஆறு கையெழுத்து விழுந்துவிட்டது. ஆதாரம் என்ன என்று கேட்டால், பாதுகாப்பு விஷயம் என்று ஒட்டிய உறை ஒன்றைத் தூக்கிக் காட்டினார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாதவள் எதை மறுத்துப் பேசுவாள்? திருடனுக்குக்கூட விடுதலைத் தேதி உண்டு. இவருக்கு அது இல்லை.

அப்புறம்தான் அந்த வக்கீலம்மா கிடைத்தார். சின்ன வயசு, அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்ட பெண். சிறையில் வைத்திருப்பவரைக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று கேட்கும் ஆட்கொணர்வு மனுவை எழுதினார். வரிசையில் நின்று அதைத் தாக்கல் செய்யும் வேலையைத் தையல்காரி ஏற்றுக்கொண்டாள். அந்தக் கவுன்ட்டரில்தான் ரிட்டர்ன் உட்கார்ந்திருந்தார். அவருடைய சொந்தப் பெயர் வீட்டிலாவது யாருக்காவது நினைவிருக்கிறதோ என்னவோ, நீதிமன்றம் முழுக்க அவர் ரிட்டர்ன்தான். மனுவில் குறை கண்டுபிடித்துத் திருப்புவது அவர் வேலை. அந்த வேலையை மனுஷன் மூச்சு விடுவதுபோல் செய்தார்.

முதல் தடவை ஓரத்தில் போதிய இடம் விடவில்லை என்று திருப்பினார். அடுத்து, இணைப்புகளில் பக்க எண் இல்லை. அதற்கடுத்து, ஆணையின் நகலில் முத்திரை மங்கலாக இருக்கிறது. நான்காவது முறை, இரண்டாம் பத்தியும் ஐந்தாம் பத்தியும் பொருந்தவில்லை என்று சீட்டு எழுதிக் குத்தியபோது தையல்காரிக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“என்ன சார் பொருந்தல?”

“பிடிச்சது செவ்வாய்க்கிழமைன்னு இரண்டாம் பத்தி சொல்லுது. ஐந்தாம் பத்தியில நாள் கணக்கைப் புதன்கிழமையில இருந்து போட்டிருக்கீங்க.”

“ஆணையில புதன்னுதானே சார் இருக்கு. அதைப் பார்த்துத்தான் எழுதினோம்.”

“செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு மேல அவர் எங்க இருந்தார்?”

“அவங்ககிட்டதான்.”

“அப்போ அதுவும் ஒரு நாள்தான். சேர்த்துட்டு வாங்க.”

“ஆயிரத்து நூத்து இருபத்தாறு நாளா உள்ள கிடக்கிறார் சார்! ஒரே ஒரு நாளுக்காகத் திருப்பி அனுப்பறீங்களே, ஈவு இரக்கமே கிடையாதா உங்களுக்கு?”

“இருபத்தேழு” என்றார் ரிட்டர்ன், நிமிராமலே.

அன்றைக்கு அவள் விட்ட சாபத்தை இங்கே எழுத முடியாது. வக்கீலம்மாவின் மேஜையில் மனுவை விட்டெறிந்துவிட்டு அழுதாள். வக்கீலம்மா பேனாவை எடுத்து ஆறை ஏழாகத் திருத்தப் போனார். பேனா அப்படியே நின்றது. பிறகு காலண்டரை இழுத்து வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

“அக்கா, முதல் நீட்டிப்புல அவங்க கையெழுத்துப் போட்டது அவங்க கணக்குப்படி நூத்தெண்பதாவது நாள். செவ்வாயைச் சேர்த்தா அது நூத்தெண்பத்தொண்ணு. கெடு முந்தின நாளே முடிஞ்சு போச்சு. முடிஞ்சு போன ஆணையை எப்படி நீட்டிக்க முடியும்? அது மேல அடுக்கின அஞ்சும் செல்லாதுக்கா!”

தையல்காரிக்குச் சட்டம் புரியவில்லை, டேப் புரிந்தது. முனை தேய்ந்து முதல் அங்குலம் போன டேப்பில் அளந்தால், எத்தனை கவனமாக வெட்டினாலும் சட்டை தப்பத்தான் செய்யும். அரசாங்கம் அப்படித்தான் அளந்திருந்தது. அதே டேப்பை வாங்கி அவளும் அளந்திருக்கிறாள்.

ஐந்தாவது முறை ரிட்டர்ன் மனுவை எடுத்துக்கொண்டார். எண் கொடுத்து, முத்திரை குத்தி, “அடுத்தவங்க” என்றார்.

விசாரணையன்று அரசு வக்கீல் மனுவில் ஓட்டை தேடினார். நகல் தெளிவில்லை என்று சொல்லப் பார்த்தார், பளிச்சென்று இருந்தது. பக்க எண்ணைப் புரட்டினார், ஒன்றும் விடுபடவில்லை. தேடிய ஓட்டையையெல்லாம் ரிட்டர்ன் முன்பே அடைத்து வைத்திருந்தார். செவ்வாய் மத்தியானத்திலிருந்து அந்த மனிதர் யார் வசம் இருந்தார் என்று நீதிபதி கேட்டார். அரசு வக்கீல் வழக்கம்போல் உறையைத் தூக்கினார். “அதுக்குள்ள காலண்டர் இருந்தா குடுங்க, பார்க்கிறேன்” என்றார் நீதிபதி. அன்று சாயங்காலமே மெக்கானிக் வெளியே வந்தார்.

இப்போது கவுன்ட்டருக்கு முன்னால் நின்று தையல்காரி சட்டையை நீட்டினாள். தூரத்திலிருந்தே கண்ணால் அளவெடுத்துத் தைத்தது.

“வாங்கக் கூடாது” என்றார் ரிட்டர்ன்.

“வெறும் சட்டைதான் சார்.”

“எதுவும் வாங்கக் கூடாதும்மா.”

“சரி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. விஷயம் தெரிஞ்சுதான் அன்னைக்குத் திருப்பினீங்களா?”

“இரண்டாம் பத்தியும் ஐந்தாம் பத்தியும் பொருந்தல. திருப்பினேன். அரசாங்கம் போட்ட பதில் மனுவையும்தான் ரெண்டு தடவை திருப்பினேன். அவங்க போன் போட்டுத் திட்டினாங்க. நீங்களாவது நேர்ல வந்து திட்டினீங்க.”

தையல்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு விரற்கடை தப்பினாலும் துணியைப் பிரித்துத் தைப்பவள் அவள். அதற்காக வாடிக்கையாளர்களிடம் அவள் வாங்காத பேச்சில்லை. இந்த மனிதர் அவள்மேல் இரக்கப்பட்டு ஒரு துளிகூட வளையவில்லை. அரசாங்கத்துக்குப் பயந்தும் வளையவில்லை. அந்த வளையாத முதுகுக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்? கும்பிட்டாள். மூன்று வருஷத்தில் அவ்வளவு மனசாரக் கும்பிட்டதில்லை.

“ஓரமா நில்லுங்கம்மா, பின்னாடி ஆள் இருக்காங்க” என்றார் ரிட்டர்ன். ஆனால் மெக்கானிக்கை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். அவர் நிமிர்ந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பின்னால் நின்ற பெண்ணின் மனுவும் திரும்பி வந்தது. ஓரத்தில் இடம் போதாதாம். அவள் பெஞ்சில் போய்ச் சரிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “நாசமாப் போறவன்” என்று ஆரம்பித்தாள். தையல்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அவரைத் திட்டாதீங்க. இது நல்லதுக்குத்தான். யாரு உள்ள இருக்காங்க?”

“என் தம்பி. ஒரு வருஷம் ஆச்சு. இதே சட்டம்தான்.”

அதுவரை சுவரோரம் நின்றிருந்த மெக்கானிக் நகர்ந்து வந்தார். பெஞ்சுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் மடியிலிருந்த காகிதத்தை மெல்லத் தொட்டார்.

“தம்பியை என்னைக்கும்மா கூட்டிட்டுப் போனாங்க?”

தையல்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமை காலையில. பேப்பர்ல சனிக்கிழமைன்னு போட்டிருக்காங்க. ஒரு நாள்தானேன்னு நானும் விட்டுட்டேன்.”

“விடாதீங்க” என்றார் மெக்கானிக். “அந்த வெள்ளிக்கிழமையையும் சேர்த்து எழுதுங்க. நான் உள்ள இருந்தவன், சொல்றேன். இருந்ததிலேயே நீளமான நாள் அதுதாம்மா.”